ஆங்கிலப் பாடம்: வீட்டில் உள்ள சொற்களிலிருந்து தொடங்குவோம்

மீள்குடியேறிய கிராமங்களுக்கு நாம் வரும்போது வீட்டுத்திட்டம், காணி உறுதி பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாகப் பெற்றோர் கேட்பது பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான். அதிலும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கிலப் பாடம் பற்றி அதிகம் கேட்கிறார்கள். "முகாமில ரெண்டு வருசம் ஒழுங்கான படிப்பில்லை. மற்றப் பாடங்களை எப்பிடியோ பிடிச்சிட்டாள். இங்கிலீசுக்கு என்ன செய்யிறது?" என்று ஒரு தாய் கேட்டார். இந்தப் பகுதியை அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் எழுதுகிறோம்.

முதலில் ஒரு பயத்தை நீக்கிவிடுவோம். ஆங்கிலத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தரம் படிக்க முடியாது என்று சில இடங்களில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. உயர்தரத்துக்குச் செல்வதற்கு ஆங்கிலச் சித்தி நிபந்தனை அல்ல. ஆனால் பின்னர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பல இடங்களில் சாதாரண தர ஆங்கிலப் பெறுபேற்றைக் கேட்பார்கள். ஆகவே பயப்படவும் வேண்டாம், கைவிடவும் வேண்டாம்.

இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்களை அவற்றின் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ஆங்கில எழுத்துத் தெரியாத அம்மா, அப்பா, அம்மம்மாவும் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பதே காரணம். பிள்ளை தன் கொப்பியில் ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினால் பரீட்சை மண்டபத்தில் எழுத்துக்கூட்டல் கைவிட்டுவிடும்.

சொற்களுக்கு எங்கே போவது? அகராதியை முதற்பக்கத்திலிருந்து பாடமாக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். பத்துப் பக்கம் தாண்டியவர்களைக் காணவில்லை. உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மாப் பை, பருப்புப் பை, சவர்க்காரப் பெட்டி, தறப்பாள், நுளம்பு வலை, குளோரின் வில்லைப் பக்கற், பனடோல் அட்டை, கிளினிக் கொப்பி எல்லாவற்றிலும் ஆங்கிலம் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்தச் சொற்களின் பொருள் கண்முன்னே இருப்பதால் அவை மறப்பதில்லை. அத்துடன் பஸ், சைக்கிள், லொறி, பைப், பாங்க், லோன், டொக்டர், நேர்ஸ், டோர்ச் என்று நாம் நாளாந்தம் பேசும் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பொருள் ஏற்கெனவே தெரியும். எழுத்துக்கூட்டலை மட்டும் படித்தால் போதும்.

ஒரு நாள் உலர் உணவு வழங்கும் இடத்தில் கரையோரக் கிராமத்துப் பையன் ஒருவன் மாப் பையில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தான். 'நெட் வெயிட்' என்று இருந்தது. பொருள் கேட்டபோது "வலையின்ர நிறை" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சொன்னதில் பாதி சரி. 'நெட்' என்றால் வலைதான், தகப்பன் கடலில் வீசும் வலை. பையில் உள்ள 'நெட்' வேறு. பையின் நிறையைக் கழித்து உள்ளே இருக்கும் மாவின் நிறையை மட்டும் அது குறிக்கிறது. அன்று அவனுக்கு ஒரு சொல்லின் இரண்டு பொருள் கிடைத்தது. இப்படிப்பட்ட சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. 'வெல்' என்றால் கிணறு, நலம் என்றும் பொருள். 'மைன்' என்றால் பாடப்புத்தகத்தில் என்னுடையது, எமது ஊர்களில் நடப்பட்டிருக்கும் அபாயப் பலகையில் மிதிவெடி. எழுத்து ஒன்றே. சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். (அபாயப் பலகையை வாசித்துப் பழக எந்தப் பிள்ளையும் அதன் அருகே போகக் கூடாது. மிதிவெடி விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரத்தில் அதன் படம் இருக்கிறது. வீட்டில் இருந்து அதைப் பாருங்கள்.)

ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். இருபது எழுதி மறுநாள் மறப்பதைவிட ஐந்து எழுதி வைத்திருப்பது மேல். கொப்பிப் பக்கத்தின் நடுவே கோடிட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள், அதன் கீழே அந்தச் சொல் வரும் ஒரு சிறு வசனம் எழுதுங்கள். மறுநாள் இடப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வேறு தாளில் எழுதிப் பாருங்கள். பிழைத்த சொல்லுக்கு ஒரு புள்ளி போடுங்கள். ஒரு கிழமை கழித்துப் புள்ளி போட்டவற்றை மட்டும் மீண்டும் பாருங்கள். இங்கே ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் ஆசிரியராகலாம். தமிழ்ப் பொருளை நீங்கள் கேளுங்கள், பிள்ளை எழுதட்டும். எழுதியதையும் கொப்பியில் இருப்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஒரு சொல்லிலிருந்து பல சொற்கள் பிறப்பதையும் கவனியுங்கள். எமது விண்ணப்பப் படிவங்களில் 'றீசெட்டில்மன்ட்' என்ற நீண்ட சொல் இருக்கும். பயமுறுத்தும் சொல்தான். பிரித்துப் பாருங்கள். 'செட்டில்' என்றால் குடியமர்தல், முன்னே வரும் 'றீ' மீண்டும் என்பதைக் குறிக்கிறது, பின்னே வரும் 'மன்ட்' அதைப் பெயர்ச்சொல் ஆக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் மீள்குடியேற்றம். இந்த 'றீ'யைப் பிடித்துக்கொண்டால் 'றீபில்ட்' (மீளக் கட்டுதல்), 'றீஓப்பன்' (மீளத் திறத்தல்), 'றீயூஸ்' (மீளப் பயன்படுத்தல்) எல்லாம் வந்துவிடும். 'றீ' என்று தொடங்கும் எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. 'றீட்' என்பது வெறும் வாசித்தல்தான். 'சேஃப்' பாதுகாப்பானது, 'அன்சேஃப்' பாதுகாப்பற்றது, 'சேஃப்டி' பாதுகாப்பு. 'யூஸ்ஃபுல்' பயனுள்ளது, 'யூஸ்லெஸ்' பயனற்றது. இப்படிக் குடும்பமாகப் படித்தால் ஐந்து சொல்லின் உழைப்பில் பதினைந்து சொல் கிடைக்கும்.

இனி வாசித்து விளங்குதல். சொல் தெரிந்த பிள்ளைகளும் இதில்தான் புள்ளி இழக்கிறார்கள். தெரியாத ஒரு சொல் வந்தவுடன் அந்த இடத்திலேயே நின்றுவிடுவது முக்கிய காரணம். கீழே உள்ள சிறு அறிவித்தலைப் பாருங்கள். பிள்ளை இதை ஆங்கில எழுத்தில் எழுதி ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

"த வெல் நியர் த ஸ்கூல் இஸ் கொன்டாமினேட்டட். இட் வில் பீ குளோஸ்ட் அன்டில் ஃப்ரைடே. டேக் வோட்டர் ஒன்லி ஃப்ரொம் த புளூ டாங்க், அண்ட் பொயில் இட் பிஃபோர் யூ டிரிங்க்."

'கொன்டாமினேட்டட்' என்ற சொல் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். விட்டுவிட்டு மேலே வாசியுங்கள். பாடசாலைக்கு அருகே உள்ள கிணறு, வெள்ளிக்கிழமை வரை மூடப்படும், நீலத் தாங்கியிலிருந்து மட்டும் தண்ணீர் எடுக்க வேண்டும், கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். அப்படியானால் கிணற்றுக்கு ஏதோ கெடுதல் நேர்ந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் மாசடைந்தது. அகராதி இல்லாமலே கிட்டத்தட்ட வந்துவிட்டோம். பரீட்சை மண்டபத்தில் அகராதி கிடையாது. இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

இதே பந்தியில் 'இட்' என்ற சொல் இரண்டு தடவை வருகிறது. அது எதைக் குறிக்கிறது என்று வினாத்தாளில் கேட்பது வழக்கம். முதலாவது கிணற்றைக் குறிக்கிறது, இரண்டாவது தண்ணீரை. ஒரு மாணவி இரண்டாவதற்குத் தாங்கி என்று எழுதினாள். தாங்கியை எப்படிக் கொதிக்க வைப்பது என்று கேட்டவுடன் தானே சிரித்துத் திருத்திக்கொண்டாள். விடையை அந்த இடத்தில் போட்டு வாசித்துப் பார்த்தால் பிழை தானாகத் தெரியும்.

'ஒன்லி', 'அன்டில்', 'பிஃபோர்', 'நொட்', 'அன்லெஸ்', 'எக்செப்ட்' போன்ற சிறு சொற்களை இலேசாக விடாதீர்கள். மேலே உள்ள அறிவித்தலில் 'ஒன்லி'யைக் கவனிக்காத பிள்ளைக்கு ஒரு புள்ளி குறையும். அதே அறிவித்தல் உண்மையிலேயே ஊரில் ஒட்டப்பட்டிருந்தால் வீடு முழுவதும் வயிற்றோட்டத்தில் விழும். குளோரின் வில்லைப் பக்கற்றிலும் மருந்து அட்டையிலும் 'டூ நொட்' என்று தொடங்கும் வரிகளைப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்துப் பாருங்கள்.

பரீட்சையில் செய்யும் முறை இது. கேள்விகளை முதலில் வாசியுங்கள். பிறகு பந்தியை ஒரு தடவை நிற்காமல் வாசியுங்கள். அடுத்த தடவை வாசிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் விடை இருக்கும் வரியின் கீழ் பென்சிலால் கோடிடுங்கள். கேள்வி 'வென்' என்றால் காலத்தையும் 'வெயர்' என்றால் இடத்தையும் 'வை' என்றால் காரணத்தையும் தேடுங்கள். இடைவெளி நிரப்பும் பந்தியிலும் முழுவதையும் வாசித்த பிறகே முதல் இடைவெளியைத் தொடுங்கள். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

இடம்பெயர்வில் பாடப்புத்தகம் தொலைந்துவிட்டது என்று பாடசாலைக்குப் போகக் கூச்சப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1980 முதல் பாடநூல்கள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. அதிபரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். புதிய பிரதி இல்லாவிட்டாலும், சென்ற ஆண்டு மாணவர்கள் திருப்பிக் கொடுத்தது இருக்கக்கூடும். கடந்தகால வினாத்தாள்களையும் அவரிடமே கேளுங்கள். வயது கடந்து பாடசாலையை விட்டவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். விண்ணப்ப முடிவுத் திகதி பத்திரிகையில் வரும். அடையாள அட்டை இல்லாதவர்கள் அந்தத் திகதி வரும்வரை காத்திராமல் இப்போதே கிராம அலுவலரைச் சந்தியுங்கள்.