தீக்கு முன்னும் மழைக்கு முன்னும்

அன்பு மகளே,

கோத்தா திங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதவி நிர்வாகியாகச் சேரப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். பால் வெட்டிய தாத்தா பாட்டியின் பேத்தி தோட்டத்தை நிர்வகிக்கப் போகிறாள் என்பதில் இந்தப் பெரியப்பாவுக்கு எத்தனை பெருமை என்று எழுதி முடியாது. சம்பளம், வீடு, வண்டி பற்றி உன் அப்பா சொல்வான். வேலைக்காலம் முழுவதையும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்தது தண்ணீர். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உன் தோட்டத்துக் கான்களில் ஓடும் தண்ணீர் கடைசியில் எந்த ஆற்றில் சேர்கிறது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள். அந்த வட்டாரத்தில் பெரும்பாலும் அது ஜொகூர் ஆறாக இருக்கும். நம் மாநிலத்து மக்களில் பலர் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீர். 1962 ஒப்பந்தப்படி 2061 வரை சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்வதும் அதிலிருந்துதான். மேலே லிங்கியு நீர்த்தேக்கம் இருக்கிறது. வறட்சியில் ஆறு மெலியும்போது கடலின் உப்பு மேலேறி வராமல் தள்ளிவைக்க அங்கிருந்துதான் தண்ணீர் திறந்துவிடுவார்கள். 2016 அக்டோபரில் அந்தத் தேக்கம் 20 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்கு முந்தைய வருடம் சுங்கை லாயாங் அணை வற்றி, பாசிர் கூடாங் பக்கம் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். நீ அப்போது பள்ளிப் பிள்ளை. வாளிகளை வரிசையாக நிரப்பி வைத்தது உனக்கும் நினைவிருக்கும்.

அதே வறட்சிதான் தீயையும் கொண்டுவருகிறது. அணையில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில்தான் அணைக்கு மேலிருக்கும் நிலம் காய்ந்து கிடக்கும். இருக்கிற கொஞ்சம் தண்ணீரில் சாம்பலும் சேறும் விழுந்தால் எதை வைத்துச் சுத்திகரிப்பது?

நம் மழைக்காடு தானாக எளிதில் எரிவதில்லை. அடர்ந்த காட்டின் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். எரிவது காட்டின் விளிம்பு: மரம் வெட்டித் திறந்துபோன இடம், மறுநடவுக்காகச் சாய்த்துப் போட்ட நிலம், எல்லாவற்றுக்கும் மேலாக, கான் வெட்டி வடியவைத்த கரிச்சேற்று நிலம். மலாய்க்காரர்கள் இதைத் தானா கம்புட் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் தண்ணீரில் ஊறிக்கிடந்த இலையும் வேரும்தான் அந்த மண். தண்ணீரை வடித்தால் அது மக்கிச் சுருங்கும். மேற்கு ஜொகூரில் பல ஆண்டுகள் அளந்து பார்த்ததில், வடித்த கரிச்சேற்று நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்திருக்கிறது. காய்ந்துவிட்டால் அது மண்ணில்லை, எரிபொருள். அதில் பிடிக்கும் தீ கீழே இறங்கிப் புகைந்துகொண்டே நகரும். மேலே அணைத்துவிட்டோம் என்று பொம்பாக்காரர்கள் புறப்பட்டபின் இன்னோரிடத்தில் புகை கிளம்பும். 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்களே, அந்தப் புகையில் பெரும்பகுதி சுமத்ராவின் ரியாவ் கரிச்சேற்று நிலங்களிலிருந்து வந்தது. அங்கே எரிந்த மண்தான் இங்கே பொந்தியானிலும் மூவாரிலும் நம் காலடியில் கிடக்கிறது.

ஆகவே தீயைத் தடுக்கும் வேலையை மழைக்காலத்திலேயே செய்துவிட வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நவம்பர், டிசம்பரில் கான் நிரம்பி ஓடும்போது எல்லோரும் தண்ணீரை வெளியேற்றத்தான் பார்ப்பார்கள். நீ தடுப்புப் பலகைகளையும் மணல் மூட்டைகளையும் எண்ணிப் பார். கரிச்சேற்றில் செம்பனை வளர்க்க, கானில் தண்ணீர் கரையிலிருந்து 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் போதும். அதைவிடக் கீழே இறங்கவிட்டால் மரத்துக்கும் நல்லதில்லை, தீக்கு வழி. ஒவ்வொரு பிளாக்கிலும் அளவுக் குச்சி நட்டு, வாரம் ஒருமுறை குறிக்கச் சொல். மாசி மாத வெயிலில் அந்தக் குறிப்பேடுதான் எந்தப் பிளாக்கில் காவல் போடவேண்டும் என்று உனக்குக் காட்டும்.

இரண்டாவது, ஆற்றோரம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில் ஆற்றின் அகலத்துக்கு ஏற்ப ஒதுக்கு நிலம் சொல்லியிருக்கிறார்கள்: 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்குக் கரைக்கு 50 மீட்டர், 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்குக்கூட 5 மீட்டர். தோட்டங்களில் முதலில் காணாமல்போவது அந்தச் சிற்றோடையின் 5 மீட்டர்தான். ஒரு வரிசை செம்பனை கூடக் கிடைக்குமே என்ற கணக்கு. அந்த ஈரமான காட்டுப்பட்டை தீயின் வேகத்தைக் குறைக்கும், பிறகு வரும் சேற்றையும் பிடித்து நிறுத்தும். மறுநடவின்போது அந்த வரிசையை நடாமல் விட உனக்கு அதிகாரம் இருக்கிறது. மேலே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். விட்டுக்கொடுக்காதே. வழிகாட்டியை அச்செடுத்து மேசையில் வை.

மறுநடவில் பழைய மரங்களைக் கொளுத்தாதே என்று உன்னிடம் சொல்லத் தேவையில்லை. 1974 சுற்றுச்சூழல் சட்டமே திறந்தவெளி எரிப்பைத் தடைசெய்கிறது. பழைய மரத்தைச் சீவிப்போட்டு மக்கவைப்பதில் இந்த நாட்டுத் தோட்டங்களுக்கு நீண்ட பழக்கமும் உண்டு. குப்பைக் குழியில் ஒரு மூலையில் யாராவது கொளுத்துவதுதான் பரவும். உன் ஆட்களில் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளிகள் இருப்பார்கள். அறிவிப்புப் பலகை ஒட்டிவிட்டு இருந்துவிடாதே. நேரில் நின்று, அவர்கள் மொழியில் ஒருவரை வைத்துச் சொல். பக்கத்தில் ஜக்குன் பழங்குடி மக்களின் கிராமம் இருந்தால் பெரியவர்களிடம் மரியாதையோடு போய்ப் பேசு. எந்தச் சதுப்பு எந்த வறட்சியில் காய்ந்தது என்று அவர்களைப்போல் யாருக்கும் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் எரியலாம். தீ அணைந்த அன்று எல்லோரும் களைத்துப் படுப்பார்கள். உனக்கு அப்போதுதான் வேலை தொடங்கும். எரிந்த சரிவில் இலைச்சருகு இருக்காது. சாம்பல் மண்ணின் துளைகளை அடைத்திருக்கும். முதல் பெருமழை உள்ளே இறங்காமல் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு ஓடும். சுத்திகரிப்பு நிலையத்தில் நாங்கள் அதைக் கலங்கலாகக் காண்போம். படிகாரத்தைக் கூட்டிக்கொண்டே போவோம், வடிகட்டிகள் அடைபடும். கரைந்து வரும் கரிமப் பொருள் குளோரினோடு சேர்ந்து வேண்டாத சேர்மங்களை உண்டாக்கும். சாம்பலின் பாஸ்பரஸ் தேக்கத்தில் பாசியை வளர்க்கும்.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரம் 2003 ஜனவரித் தீயில் இதைக் கண்டது. காட்டர் ஆற்றுக் காடு காவலில் இருந்தவரை அந்தத் தண்ணீருக்குப் பெரிய சுத்திகரிப்பே தேவைப்படவில்லை. காடு எரிந்து மழை பெய்ததும் அணைகள் கலங்கின. புதிய சுத்திகரிப்பு நிலையத்தை அவசரமாகக் கட்டி 2004இல் திறந்தார்கள். காடு இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு இயந்திரம் வைக்கவேண்டியதாயிற்று. 2020இல் சிட்னிக்காரர்கள் முன்கூட்டியே விழித்தார்கள். வாரகம்பா அணையைச் சுற்றிய காடு எரிந்தபின், பிப்ரவரிப் பெருமழைக்கு முன்பே தேக்கத்தில் மிதவைத் தடுப்புகளைக் கட்டி, சாம்பலும் குப்பையும் நீர் எடுக்கும் இடத்துக்கு வராமல் நிறுத்தினார்கள்.

நீயும் அந்தச் சில நாள்களைப் பயன்படுத்து. எரிந்த சரிவில் இயந்திரத்தை ஏற்றிச் சுத்தம் செய்யவிடாதே. விழுந்த மரங்களைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்து. ஓடையில் சேருமிடத்துக்கு முன்னால் வண்டல் குழிகள் வெட்டு. மண்ணை மூடிப் படரும் முக்கூனா கொடியை மறுவாரமே விதை. அடுத்தடுத்த வேலைகளை அதன்பின் பார்க்கலாம். கீழேயுள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் பணிமனை எண்ணை இப்போதே வாங்கி வைத்துக்கொள். மேலே எரிந்திருக்கிறது, மழை வரப்போகிறது என்று ஒரு வார்த்தை முன்னதாகக் கிடைத்தால், நீர் உள்ளிழுப்பதைச் சில மணிநேரம் நிறுத்திவைத்து முதல் கலங்கலைத் தப்பவிட முடியும். இரவு இரண்டு மணியானாலும் கூப்பிடு, அங்கே ஷிப்டில் ஆள் இருப்பார்கள்.

தீபாவளிக்கு வரும்போது தோட்டத்து வரைபடத்தைக் கொண்டு வா. கான்கள் எங்கே ஆற்றில் விழுகின்றன என்று உட்கார்ந்து குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா
குளுவாங்