உடலின் வரவு செலவுக் கணக்கு



என் தந்தையார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பால் வாளிகளைச் சுமந்து வருவார். மூன்று வேளையும் வயிறாரச் சோறுண்டார். ஆயினும் அவர் உடல் பருக்கவில்லை. நானோ அதே சோற்றை உண்டு, நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்தேன். ஐம்பதாம் வயதில் என் எடை 86 கிலோவாயிற்று. நீரிழிவும் வந்து சேர்ந்தது. உணவு மாறவில்லை, உழைப்பே மாறிற்று.

இஃது என் வீட்டுக் கதை மட்டுமன்று. மலேசியாவில் பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர் என 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறுகிறது.

உணவு தரும் ஆற்றலைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுவர். உண்பது வரவு, மூச்சு, இதயத் துடிப்பு, உழைப்பு ஆகியவை செலவு. மிஞ்சுவது கொழுப்பாகத் தேங்கும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது.

இரண்டு மேசைக்கரண்டி டின்பால் ஊற்றிய ஒரு குவளைத் தேநீரில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. அதைச் செலவழிக்க, 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைந்து நடத்தல் வேண்டும். மூன்று குவளை அருந்திவிட்டு ஒன்றரை மணி நேரம் நடக்க யாருக்கு நேரம் உண்டு? ஆகவே, நடை மட்டும் போதாது. வரவையும் குறைத்தல் வேண்டும்.

நாள்தோறும் இரண்டு குவளையைப் பாலும் சீனியுமின்றி அருந்தினால் 240 கலோரி மிச்சம். அரை மணி நடையால் மேலும் 120 கழியும். ஆக 360. கணக்கின்படி, மூன்று வாரங்களில் ஒரு கிலோ குறையும். எடை குறையக் குறைய இவ்வேகம் தளரும்; மனம் தளரலாகாது. நான் பள்ளித் திடலைச் சுற்றி நடந்து, பத்து மாதங்களில் 6 கிலோ குறைத்தேன்.

பட்டினி கிடத்தல் தவறு. கொழுப்போடு தசையும் கரையும். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவைக் குறைக்க வேண்டும். வளரும் பிள்ளைகள் சோற்றைக் குறைக்க வேண்டா; இனிப்புப் பானங்களை விடுத்து, மாலையில் ஓடி விளையாடினால் போதும்.

மாணவர்களே! வீட்டில் ஒரு நாளில் கலக்கும் சீனி எத்தனை கரண்டி என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். ஒரு தேக்கரண்டிக்கு 20 கலோரி எனப் பெருக்கி, விடையைப் பெற்றோரிடம் காட்டுங்கள். அக்கணக்கு உங்கள் குடும்பத்தைக் காக்கும்.