மணமில்லாத நஞ்சு

மிளகாய் வறுக்கும்போது அலறுகிறதென்று புகைக் கருவியின் பற்றரியைக் கழற்றி வைப்பவர்கள் எங்களில் பலர். புகையை மட்டும் உணரும் அக்கருவி காபன் மொனொக்சைட்டை அறியாது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, சத்தி, மயக்கம் வரும், காய்ச்சல் இராது.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு, ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தனர். 2014 இல் கருவி கட்டாயமாகியது. 2026 ஜனவரி முதல், எரிவாயு உலையோ வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால், படுக்கையறைகளுக்கு அருகிலும் பேஸ்மென்ட் உட்பட ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். மில்லிக்கனில் எங்கள் வீடுகள் பலவற்றில் இரண்டும் உண்டு. உலைக்குப் பக்கத்து அறையில் அம்மா, அப்பா உறங்குகிறார்கள்.

வாங்கும்போது சிஎஸ்ஏ முத்திரையையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். பத்து வருடப் பற்றரியை உள்ளே மூடிவைத்த கருவியே நல்லதென்போம். கழற்ற முடியாதல்லவா! அது அலறினால் எல்லோரும் வெளியேறி, வெளியில் நின்று 911 ஐ அழையுங்கள்.