ஓராசிரியர் பள்ளியில் விளையாட்டுக் கல்வி

திருப்பதிக்கு மேற்கே, மதனப்பள்ளியை அடுத்துள்ள ரிஷிவேலி 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்குள்ள ஊரகக் கல்வி மையம், 1980களின் பிற்பகுதியிலிருந்து, சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்கு உள்ளூர் இளைஞர்களையே பயிற்றுவித்தது. பல வகுப்பினர் ஓர் அறையில் பயிலும்போது விரிவுரை பயன்படாது. எனவே பாடங்கள் அட்டைகளாகவும் விளையாட்டுகளாகவும் பகுக்கப்பட்டு, 'கற்றல் ஏணி'யாக வரிசைப்படுத்தப்பட்டன. தமிழ்நாட்டில் 2007-08இல் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றலுக்கு இதுவே முன்னோடி.

விளையாட்டை வடிவமைக்கும் இளைஞர், கற்பிக்க வேண்டிய கருத்தை முதலில் வரையறுக்கவேண்டும். விதிகள் அதற்குப் பின்னரே. சான்றாக, தாயக்கட்டையில் விழும் எண்ணுக்கேற்பப் புளியங்கொட்டைகளைச் சேர்த்து, பத்துக்கு ஒரு குச்சியாக மாற்றும் ஆட்டம் இடமதிப்பை உணர்த்தும். ஆட்டம் முடிந்ததும், "ஏன் மாற்றினாய்?" என வினவுதல் இன்றியமையாதது. தோற்ற குழந்தையும் கணக்கைக் கற்றதா என்பதே பயிற்சியின் அளவுகோல்.