பாம்புக் கனவு பற்றி மகளுக்கு

கண்டி

அன்புள்ள மகள்,

உன் கடிதம் கிடைத்தது. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா தேயிலைச் செடிக்கடியில் பாம்பு கண்டதாகக் கனவு சொல்ல, "பாம்பென்றால் ஆண், உங்களுக்குள் அடக்கி வைத்த ஆசை" என்று பிராய்டைத் துணைக்கழைத்து நீ விளக்கம் கொடுத்திருக்கிறாய். இப்போது அவர் உன்னோடு பேசுவதில்லை என்கிறாய். எப்படிப் பேசுவார்?

இதே பிழையைப் பற்றி 1910இல் பிராய்ட் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மணமுறிவுக்குப் பிறகு பதற்றத்தால் வாடிய ஒரு பெண்ணிடம், இளம் வைத்தியர் ஒருவர் எல்லாம் காமக் குறையால் வந்தது என்று சொல்லி, பரிகாரமும் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மா முன்பைவிடக் கலங்கிப்போய் பிராய்டிடம் வந்தார். வைத்தியர் கோட்பாட்டையே குறுக்கிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்றார் பிராய்ட். நமக்கு முக்கியம் அவர் அடுத்துச் சொன்னது: மனம் மறைத்து வைத்ததை இன்னொருவர் எடுத்துச் சொல்வதால் நோய் தீராது. நோயின் வேர் அறியாமையில் இல்லை, அறியவிடாமல் தடுக்கும் உள்ளெதிர்ப்பில் இருக்கிறது. அந்த எதிர்ப்பு தளரவேண்டும், சொல்பவர்மீது நம்பிக்கை ஊறவேண்டும். அதற்கு முன் வாயைத் திறக்கக்கூடாது. உன் டிப்ளோமாப் பாடத்தில் கனவுக் குறியீடுகள் வந்த அளவுக்கு இது வந்ததா தெரியவில்லை.

அப்படியானால் உளப்பகுப்பாய்வாளருக்கு என்ன வேலை? கேட்பதுதான். பேசுகிறவருக்கு உள்ள விதி ஒன்றே: அற்பம், அசிங்கம், சம்பந்தமில்லாதது என்று எதையும் கழிக்காமல் மனதில் வருவதைச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ரயிலில் ஜன்னலோரம் இருப்பவர், வெளியே மாறும் காட்சிகளை உள்ளே இருப்பவருக்குச் சொல்லி வருவதுபோல என்று 1913இல் பிராய்ட் எழுதினார். ஹட்டனில் ஏறி நானுஓயா வரை போய்வந்த உனக்கு இதை விரிக்க வேண்டியதில்லை. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வண்டி போனதும் சொல்பவர் மௌனமாகிவிடுவார் அல்லவா, அந்த மௌனத்தையும் பகுப்பாய்வாளர் கேட்டுக்கொள்வார்.

கேட்பவருக்கும் ஒரு விதி உண்டு. எனக்கு அதுதான் கடினமாகப் படுகிறது. எதையும் தனியாகத் தேர்ந்தெடுத்துக் கவனிக்காமல், எல்லாவற்றையும் ஒரே சீராகக் கேட்கவேண்டும். குறிப்புகூட எடுக்க வேண்டாம் என்று 1912இல் பிராய்ட் மருத்துவர்களுக்கு அறிவுரை சொன்னார். எதைத் தேடுகிறோம் என்று முன்பே முடிவு செய்துவிட்டால், ஏற்கெனவே தெரிந்ததுதான் அகப்படும். பாம்பு என்ற சொல் விழுந்ததுமே நீ கேட்பதை நிறுத்திவிட்டாய், மகள். திம்புள்ளப் பக்கத்து மலைகளில் கொழுந்தெடுக்கிறவருக்குப் பாம்பு முதலில் பாம்புதான். குளவியும் அட்டையும் அப்படித்தான். அதற்கப்பால் அவருக்கு மட்டும் அது வேறென்ன என்பதை அவரே சொல்லவேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. கதிர்காமத்தில் சடைமுடியோடு சாமியாடுகிறவர்களை நீயும் பார்த்திருப்பாய். பேராதனையில் படிப்பித்த மானுடவியலாளர் கணநாத் ஒபேசேகர அவர்களோடு இருந்து பேசி 1981இல் ஒரு நூல் எழுதினார். பிராய்டை ஆழமாகப் படித்தவர் அவர். சடை என்பது எல்லோருக்கும் பொதுவான அடையாளம்தான். ஆனால் ஒவ்வொருவர் தலையிலும் அது முளைத்ததற்கு அவரவர் வாழ்க்கையில் தனிக் காரணம் இருந்ததை, அவரவர் வாய்க்கதையிலிருந்தே எடுத்துக் காட்டினார்.

ஆசான் இல்லாமல் இதைக் கற்கமுடியுமா என்று கேட்டிருந்தாய். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற வைத்தியர் கற்றார். நூல்களையும் நோயாளிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு கற்று, 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தையும் தொடங்கினார். பிராய்டோடு 1921இலிருந்து 1937 வரை கடிதத் தொடர்பு. நேரில் ஒருமுறையும் சந்திக்கவில்லை. எந்த ஆசை மேலே தெரிகிறதோ, அதற்கு நேரெதிரான ஆசை அடியில் அமுங்கிக் கிடக்கிறது என்பது போஸின் கோட்பாடு. அடிக்கத் துடிப்பவனுக்குள் அடிவாங்கத் துடிப்பவனும் இருக்கிறான். ஆகவே கற்பனையில் இரண்டு பக்கமும் மாறிமாறி நின்று பார்க்கச் சொல்வார். பிராய்ட் இதை முழுதாக ஏற்கவில்லை. எனக்கும் கணக்குப் போட்டதுபோல அது கொஞ்சம் நேர்த்தி கூடித்தான் தெரிகிறது. ஆனால் தன் ஐரோப்பிய நோயாளிகளிடம் தெரிந்த சில அச்சங்கள் இந்திய நோயாளிகளிடம் அந்த அளவுக்கு இல்லை என்று பிராய்டுக்கே எழுதினாரே, அது நூலைவிட நோயாளியை நம்பிக் கேட்டவரால்தான் முடியும். பிராய்டும் அதை அக்கறையோடு வாசித்தார்.

பெரியம்மாவிடம் போ. நீட்டி முழக்காமல் "நான் சொன்னது பிழை" என்று சொல். கொழுந்து நிறுக்கிற இடத்திலோ பீலிக்கரையிலோ வைத்துச் சொல்லாதே. நாலு பேர் காதில் விழும். அவராகப் பேசினால், அந்தக் கனவை நினைத்ததும் வேறென்ன நினைவு வருகிறது என்று ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குமேல் தோண்டாதே. போஸின் காலம் வேறு; இன்று தோண்டும் உரிமை பெற, ஒருவர் முதலில் தானே ஆண்டுக்கணக்கில் பகுப்பாய்வுக்கு உட்படவேண்டும். தூக்கமே இல்லை, வாழவே வெறுத்துவிட்டது என்று அவர் சொன்னால் மட்டும் தாமதிக்காதே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு உன் போனிலிருந்தே எடுத்து, பக்கத்தில் இருந்து பேசவை.

அன்புடன்,
சித்தப்பா