மேலே நிற்பவர் மட்டுமா வீராங்கனை?

பவுண்டரி போனால், கயிற்றுக்கு வெளியே மேடையில் சில பெண்கள் பாம்பாம் ஆட்டுவார்கள். 2008இல் ஐ.பி.எல். வந்ததிலிருந்து இங்கே சியர்லீடிங் என்றாலே இந்தக் காட்சிதான். அமெரிக்கக் கல்லூரிகளில் அது வேறு சங்கதி. அங்கே மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒருவரைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறார்கள். காற்றில் எறிந்து பிடிக்கிறார்கள். ‘ஸ்டன்ட்’ எனப்படும் இந்த வித்தையை விரும்பிப் பார்ப்பவர்களிடமும் சில தப்புக்கணக்குகள் உண்டு.

மேலே நிற்கும் ‘ஃப்ளையர்’தான் எல்லாம், ஒல்லியாக இருந்தால் போதும் என்பது முதல் கணக்கு. எடை குறைவு உதவும், அவ்வளவே. உடம்பைத் தளரவிடும் ஒல்லிப் பெண்ணைவிட, விறைப்பாக நிற்கத் தெரிந்த சற்றே கனமான பெண்ணைத் தூக்குவது எளிது. ஆட்டம் கண்டாலும் ஃப்ளையர் கீழே குனிந்து பார்க்கக் கூடாது; தானாகச் சரிசெய்துகொள்ளவும் கூடாது. அவர் நெளிந்தால், பாதத்தைப் பிடித்திருப்பவர்கள் எந்தப் பக்கம் ஈடுகட்டுவது என்று திண்டாடிப்போவார்கள். சமநிலை அவர்கள் பொறுப்பு.

பாதத்தைத் தாங்கும் அவர்களுக்கு ‘பேஸ்’ என்று பெயர். கைவலுவால் தூக்குகிறார்கள் என்று தோன்றும். உண்மையில் தூக்குவது கால்கள். முழங்காலை மடக்கி இறங்கி, சட்டென்று எழும் வேகத்தில்தான் ஃப்ளையர் மேலே போகிறார். முதுகை வளைத்துத் தூக்குபவருக்கு முதுகுவலிதான் மிச்சம்.

பெரிய அநியாயம் பின்னால் நிற்கும் ‘பேக்ஸ்பாட்’டுக்குத்தான். விழுந்தால் பிடிக்கச் சும்மா நிற்கிறார் என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குழுவில் உயரமானவர் இவர். எண்ணிக்கை சொல்வதும் பல குழுக்களில் இவரே. அந்தக் குரலுக்குத்தான் பேஸ்கள் இருவரும் ஒன்றாக இறங்கி ஒன்றாக எழுகிறார்கள். ஒருவர் அரை நொடி முந்தினாலும் ஃப்ளையரின் ஒரு பக்கம் உயர்ந்து ஆள் சரிந்துவிடுவார். தூக்கும்போது கணுக்காலைப் பற்றி மேல்நோக்கி இழுத்து, பேக்ஸ்பாட் எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார். பார்வை ஃப்ளையரை விட்டு நகரவே கூடாது. இறங்கும்போது அக்குளுக்கடியில் கைகொடுத்து, தலையும் கழுத்தும் தரையில் மோதாமல் காப்பவரும் இவர்தான். படம் எடுப்பவர்கள் என்னவோ இவரை ஃப்ரேமுக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள்!

பெண்களுக்கு மட்டுமான ஆட்டம் என்பதும் பிழை. 1898இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தை முழக்கமிட வைத்ததுதான் தொடக்கம். பெண்கள் சேர்ந்தது 1920களில். அதிபர்கள் ரொனால்ட் ரீகனும் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும்கூட மாணவப் பருவத்தில் சியர்லீடர்கள்தான்.

‘விளையாட்டே இல்லை, அடிபட என்ன இருக்கிறது?’ என்பவர்களுக்கு 2006 மார்ச் மாதச் சம்பவம் பதில் சொல்லும். செயின்ட் லூயிஸ் நகரில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின்போது மனிதப் பிரமிடிலிருந்து விழுந்த மாணவி ஒருவருக்குக் கழுத்தெலும்பில் விரிசல் விட்டது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லும்போதும் கல்லூரிப் பாட்டுக்கு அவர் கைகளை அசைத்ததைப் பார்த்து அரங்கமே கைதட்டியது. ஆனால் நிர்வாகிகள் கைதட்டலோடு நிற்கவில்லை. ஆளை வானில் எறிந்து பிடிக்கும் ‘பாஸ்கெட் டாஸ்’ வித்தையை மெத்தை விரிக்காத கூடைப்பந்துத் தரையில் செய்யக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள்.