காதர்பேட்டையிலிருந்து ராலிக்கு: கார் கடைசியில் வாங்கலாம்

"ஏனுங்ண்ணா, பழைய எஸ்டீம் ஒண்ணு வெலைக்கு வருதுங்க. ராலி ஓட்ட வாங்கிப் போட்டறலாங்களா?"

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் குவியல்களுக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. இன்ஜின் எப்படி, கிலோமீட்டர் எவ்வளவு என்று நான் கேட்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறான். டீ ஆறுவதற்குள் அவனுக்குச் சொல்லி முடிக்க முடியாததை இங்கே சொல்கிறேன்.

முதலில், ராலி நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. இந்திய தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் கோவைச் சுற்று கேத்தனூர் காற்றாலைகளுக்கு இடையிலான மண் பாதைகளில் ஓடியிருக்கிறது. கேத்தனூர் பல்லடம் தாலுகா. அதாவது பேர் கோவைக்கு, புழுதி திருப்பூர் மாவட்டத்துக்கு. பக்கத்துக் கோவையின் பெருமையைச் சொல்லவே வேண்டாம். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் ஓடுதளம் அவர் பேரைத் தாங்கி நிற்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனை எல்லோருக்கும் தெரியும். தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்த அவர் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனைத் தெரிந்தவர்கள் குறைவு. மண்ணில் ஓட்டுகிறவர்களுக்கு எப்போதும் கைதட்டல் கம்மிதான்.

ரேஸ் வேறு, ராலி வேறு. ரேஸில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி முட்டி மோதுவார்கள். ராலியில் ஒவ்வொரு காரும் ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் தனியாகக் கிளம்பும். ஊர்க்காரர்கள் வராதபடி மூடிய பாதையில் முழு வேகம். அதற்குப் பெயர் ஸ்பெஷல் ஸ்டேஜ். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி சாதாரண ரோடு. அங்கே சிக்னலில் நிற்க வேண்டும், பஸ்ஸுக்கு வழி விட வேண்டும், குறித்த நிமிடத்தில் போய்ச் சேரவும் வேண்டும். டைம் கன்ட்ரோலுக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் சர்வதேச விதிப்படி 10 விநாடி அபராதம். ஒரு நிமிடம் முன்னால் வந்தால்? முழுதாக ஒரு நிமிட அபராதம். ஆறு மடங்கு! ஷிப்மெண்ட் தேதிக்கு முன்னாலேயே சரக்கை அனுப்பி பையரின் கிடங்கில் திட்டு வாங்கிய மெர்ச்சண்டைசருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் தம்பியிடம் சொன்னேன்: நீ டிரைவர் சீட்டைப் பார்க்காதே, பக்கத்து சீட்டைப் பார்.

பக்கத்து சீட்டு

ராலி காரில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் நேவிகேட்டர். போட்டிக்கு முன்னால் இருவரும் பாதையை மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள், ரெக்கி என்பார்கள். டிரைவர் ஒவ்வொரு வளைவையும் எண்ணால் சொல்லச் சொல்ல நேவிகேட்டர் எழுதிக்கொள்வார். பரவலாக உள்ள முறையில் ஆறு என்றால் கிட்டத்தட்ட நேர், ஒன்று என்றால் ஹேர்பின். மேடு, பள்ளம், போகப் போக இறுகும் வளைவு, உள்பக்கம் கல் இருக்கிறது வெட்டாதே என்பதெல்லாம் சுருக்கெழுத்தில் சேரும். ஸ்டேஜில் இதைத்தான் அவர் வாசிக்கிறார். கார் இருக்கிற வளைவை அல்ல, அதற்கு அடுத்ததை. ஒரு வரி விட்டுப்போனால் கார் புளியமரத்தில்.

நேவிகேட்டர் என்றால் எடுபிடி என்று நினைக்க வேண்டாம். ஆசிய பசிபிக் ராலி பட்டத்தை 2013, 2016, 2017 என்று மூன்று முறை வென்ற கௌரவ் கில்லுக்கு 2019-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. அவருக்கு நெடுநாள் பாதை வாசித்தவர் காசர்கோடு பக்கத்து மூசா ஷெரீப். பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து 300-க்கும் மேற்பட்ட ராலிகளைப் பார்த்தவர். கார் செலவு பெரும்பாலும் டிரைவர் தலையில் விழும். நல்ல நேவிகேட்டருக்கு எப்போதும் பஞ்சம். கையில் காசில்லாமல் உள்ளே நுழைய இதைவிட அகலமான வாசல் இல்லை.

தகுதி இருக்கிறதா என்று அறிய ஒரு வீட்டுப் பரீட்சை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 ஹேர்பின் வளைவுகள். நண்பரை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் குனிந்து தினத்தந்தியைச் சத்தமாக வாசித்துக்கொண்டே போங்கள். மேலே போய்ச் சேரும்போது வயிறு இடத்திலேயே இருந்தால் பாதி தேர்ச்சி.

மீதிப் பாதிக்கு டி.எஸ்.டி. ராலி. நேரம், வேகம், தூரம் மூன்றையும் பொருத்தும் போட்டி. தினமும் ஆபீஸ் போகிற காரே போதும். கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் கம்பிக்கூண்டு வேண்டாம், வேகமும் வேண்டாம். ஒரு ரோடு புத்தகமும் இந்தப் பகுதியில் சராசரியாக இத்தனை வேகம் என்ற உத்தரவும் கொடுப்பார்கள். எங்கேயோ மரத்தடியில் ஒளிந்திருக்கும் ஆட்கள் நீங்கள் கடக்கும் விநாடியைக் குறிப்பார்கள். கணக்கு எளிது. 3600-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி என்று வரும். 36 கிலோமீட்டர் வேகத்துக்கு 100 விநாடி, 40-க்கு 90, 30-க்கு 120. எனவே 36-ல் 12.6 கிலோமீட்டர் என்றால் 1260 விநாடி, சரியாக 21 நிமிடம். இதை வாய்ப்பாடாகவே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

என் முதல் டி.எஸ்.டி.யில் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அளவு சரிபார்க்கும் பகுதியில் உண்மைத் தூரம் 10 கிலோமீட்டர், எங்கள் ஓடோமீட்டர் 10.3 காட்டியது. அடுத்தடுத்த அளவுகளை 1.03-ஆல் வகுத்திருக்க வேண்டும். நான் பெருக்கினேன். பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்று தாமதம் ஏறிக்கொண்டே போனது. எனக்கோ, எல்லோரும் ஏன் இப்படி அவசரமாகப் போகிறார்கள் என்று ஆச்சரியம்.

காகிதம்

இந்தியாவில் கார் போட்டிகளை அங்கீகரிப்பது எஃப்.எம்.எஸ்.சி.ஐ., சென்னையில் அலுவலகம். ராலியில் டிரைவருக்கும் நேவிகேட்டருக்கும் தனித்தனியாகப் போட்டி லைசென்ஸ் வேண்டும். அதற்கு மருத்துவச் சான்றும் கேட்பார்கள். ஒரு கிளப்பில் சேர்ந்துவிட்டால் இந்த வேலைகள் லேசாகும். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நாட்டின் பழைய கிளப்களில் ஒன்று. கோவையிலும் ஆட்கள் உண்டு.

இனி யாரும் சொல்லாத பக்கம். உங்கள் வழக்கமான கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை எதற்கும் இழப்பீடு இல்லை என்று இருக்கும். பெரும்பாலான தனிநபர் விபத்துப் பாலிசிகளிலும் இதே கதை. அமைப்பாளர் என்ன காப்பீடு தருகிறார் என்று நுழைவுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு கட்டுப்படுத்துகிறது; பொது ரோட்டில் பந்தயம் ஓட்டுவது 189-ம் பிரிவில் குற்றம். ராத்திரி பல்லடம் ரோட்டில் "பிராக்டிஸ்" பண்ணுகிறேன் என்பவரை எந்த நல்ல அணியும் சேர்க்காது. மூடிய பாதையே ஆபத்தில்லாதது கிடையாது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் அருகே தேசிய ராலி ஸ்டேஜுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போனார்கள்.

இப்போது கார்

இரண்டு மூன்று போட்டி பார்த்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் வாங்கலாம். புதிதாகத் தயாரிக்காதீர்கள், ஏற்கெனவே ராலி ஓடிய, கூண்டு போட்ட காரைத் தேடுங்கள். மாருதி எஸ்டீமும் ஜிப்சியும் பல காலமாக ஆரம்பக்காரர்களின் வண்டி. உதிரிபாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். பணம் கொடுக்கும் முன் அந்த வருஷத்து விதிப் புத்தகத்தை வாங்கி, எந்தப் பிரிவில் இந்த மாடல் ஓடலாம் என்று பாருங்கள். பிரிவே இல்லாத காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியவர்கள் உண்டு.

செலவு வரிசை இப்படி இருக்கட்டும்: கூண்டு, பக்கெட் சீட், ஆறுமுனை பெல்ட், ஹெல்மெட், கழுத்துக் காப்பு, தீயணைப்பான், மொத்த மின்சாரத்தையும் ஒரே திருகில் நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச். அடுத்து இன்ஜின் அடியில் கல் அடிக்காமல் காக்கும் சம்ப் கார்டு, சஸ்பென்ஷன், மண் டயர். இன்ஜினைத் தொடுவது எல்லாம் முடிந்த பிறகு. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய எஸ்டீமின் விலையைவிட அதற்குள் வைக்கும் பாதுகாப்புச் சாமான் விலை கூடுதலாக வரும். அதைக் கேட்டு மயங்காதீர்கள். சர்வதேச மோட்டார் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் முத்திரையுள்ள பெல்ட்டுக்கும் சாதாரண வகை பக்கெட் சீட்டுக்கும் ஐந்து வருஷ ஆயுள்; தேதி லேபிளிலேயே இருக்கும். காதர்பேட்டையில் துணி செகண்ட்ஸ் வாங்கலாம், பெல்ட்டில் செகண்ட்ஸ் கிடையாது.

துணியைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு செய்வதும் நாம்தான். டிரைவர் அங்கி நோமெக்ஸ் போன்ற தீ தாங்கும் நாரில் ஆனது. உள்ளே போடும் பனியனும் சாக்ஸும் அதே ரகம் என்பது சர்வதேச விதி. உள்ளூர் போட்டியில் அவ்வளவு கண்டிப்பு இல்லாவிட்டாலும் பாலியஸ்டர், நைலான், லைக்ரா கலந்தது எதுவும் உடம்பில் படக்கூடாது. நூலில் தீக்குச்சி வைத்துப் பார்க்கிற ஊர் இது: பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். அந்த மணி தோலில் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஸ்பான்சர் பெயரை அங்கியில் போட வேண்டுமா? எம்பிராய்டரி நூலும் தீ தாங்கும் நூலாக இருக்க வேண்டும், வெளி அடுக்கில் மட்டும் தைக்க வேண்டும். அங்கி தயாரித்தவர் சான்றிதழ் தராமல் ஹீட் டிரான்ஸ்பர் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. நமக்குத் தெரிந்த பிரிண்டிங் யூனிட் இருக்கிறதே என்று ஒரு ராத்திரியில் ஒட்டிக்கொண்டு போனால் போட்டிக்கு முந்தைய சோதனையான ஸ்க்ரூட்டினியில் அங்கியோடு வெளியே நிற்பீர்கள். 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் பிடிவாதம் ஏன் என்று புரியும். சர்வீஸ் ஆட்களின் டி-ஷர்ட்டில் உங்கள் கைவரிசையை எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம்.

சர்வீஸ் என்றதும் நினைவு வருகிறது. ஸ்டேஜுகளுக்கு நடுவே கொடுக்கும் நேரம் பெரும்பாலும் அரை மணிக்குள். அதற்குள் டயர், ஆயில், வளைந்த சஸ்பென்ஷன் ஆர்ம், உடைந்த மவுண்ட் எல்லாம் பார்த்தாக வேண்டும். இதற்கு மெக்கானிக்கைவிட முதலில் தேவைப்படுபவர் பவர் டேபிள் லைன் சூப்பர்வைசர் மாதிரி ஒருவர். யார் எந்தச் சக்கரம், யார் ஜாக், கடைசியாக வீல் நட்டை முறுக்கிச் சரிபார்ப்பது யார் என்று ஒருவருக்கு ஒரு வேலை. காற்றாலை மண்ணில் ஜாக் புதையும், கீழே போட ஒரு பிளைவுட் பலகை எடுத்துப் போங்கள். கைதுடைக்க பனியன் வேஸ்ட் நம்மிடம் கிலோ கணக்கில் இருக்கிறது. அதை அடுத்த அணிக்கும் கொடுத்தால் அவசரத்துக்கு ஸ்பேனர் கடன் கிடைக்கும்.

வேலையை விடாமல்

இந்த மட்டத்தில் கார் ஓட்டிச் சோறு சாப்பிட முடியாது. வருமானம் பார்ப்பவர்கள் காரைத் தயாரித்துத் தருகிற மெக்கானிக்குகள், டியூனிங் கடைக்காரர்கள், பேர் வாங்கிய சில நேவிகேட்டர்கள். ஆகவே கம்பெனி வேலைதான் உங்கள் முதல் ஸ்பான்சர். ராலி பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை. ரெக்கி, ஸ்க்ரூட்டினி எல்லாம் வேலை நாளில் விழும். போட்டி அட்டவணை வந்த அன்றே ஷிப்மெண்ட் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் மோதினால் ராலியை விடுங்கள். காதர்பேட்டையில் கடை வைத்திருப்பவர்கள் தீபாவளிக்கு முந்தைய மாதத்தை மறந்துவிட வேண்டியதுதான். முதலாளியிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கையில் கட்டோடு திங்கட்கிழமை போய் நின்று விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

காசும் இல்லை, லீவும் குறைவு என்றால் மார்ஷலாகப் போங்கள். பாதையோரம் கொடியோடு நிற்பது, நேரம் குறிப்பது, ஆடு மாட்டை விரட்டுவது. வெயில் கொளுத்தும். ஆனால் எந்த வளைவில் யார் எப்படிப் பிரேக் பிடிக்கிறார்கள் என்று இலவசமாகப் பார்க்கிற இடம் அதுதான். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 ஓடியதே, அப்படிப்பட்ட போட்டிகளும் பயிற்சி பெற்ற மார்ஷல்கள் இல்லாமல் ஓடாது.

தம்பி போன வாரம் போன் செய்தான். வால்பாறைப் பரீட்சைக்குப் போயிருக்கிறான். ஒன்பதாவது ஹேர்பின்னில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டானாம். அடுத்த ஞாயிறு மறுபடி போகிறானாம், இந்த முறை காலை டிபன் சாப்பிடாமல்.

"எஸ்டீம் என்னாச்சு?" என்றேன்.

"இன்னும் விக்கலீங்ண்ணா. நிக்கட்டும்."